அலாஸ்கா அம்மை

அலாஸ்கா அம்மை என்பது, பெரியம்மை, குரங்கம்மை ஆகியவற்றை உண்டாக்கும் ஆர்த்தோபாக்ஸ் வைரஸ் பேரினத்தைச் சேர்ந்த ஒரு வைரசால் மனிதருக்கு அரிதாக ஏற்படும் தொற்றுநோயாகும். பின்னர் இதற்குப் போரியல்பாக்ஸ் என்னும் பெயரும் இடப்பட்டது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஃபேர்பேங்க்ஸ் நகரை ஒட்டிய பகுதியில் 2015-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய், 2024 பிப்ரவரி வரை ஏழு பேரிடம் மட்டுமே பதிவாகியிருந்தது. அவர்களுள் அறுவர் அப்பகுதியினர்.

வோல் எனப்படும் குட்டைவால் காட்டெலிகளிலும் மூஞ்சூறுகளிலும் இவ்வைரஸ் தங்கி வாழ்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றை வேட்டையாடும் வளர்ப்புப் பூனைகளும் நாய்களும் வைரசை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். தோலில் ஓரிரு கொப்புளங்கள் எழுவதும், அருகிலுள்ள நிணநீர்க்கணுக்கள் வீங்கி நெறிகட்டுவதும், மூட்டிலோ தசையிலோ வலி காண்பதும் இதன் அறிகுறிகள். பெரும்பாலோருக்கு நோய் தானாகவே சில வாரங்களில் தணிந்தது. எனினும், அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தைச் சேர்ந்த, நோயெதிர்ப்பாற்றல் குன்றிய முதியவர் ஒருவர் 2024 ஜனவரியில் உயிரிழந்தார். இந்நோயால் நேர்ந்ததாக அறியப்பட்ட முதல் மரணம் அதுவே. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவியதாக அதுவரை பதிவில்லை. ஆயினும், கொப்புளம் உள்ளவர்கள் அதனைக் கட்டுத்துணியால் மூடிவைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.