சிடித்தன்: செவி பிரித்த சொல்

கொல்கத்தாவில் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களுக்கும் வழங்கும் பெயர்கள் ஹர்த்தன், ருயித்தன், இஸ்காபன், சிடித்தன். நம் ஊரில் இவை ஆட்டின், டைமன், இஸ்பேட், கிளாவர். வங்காளப் பெயர்களில் முதல் மூன்றும் டச்சுச் சொற்கள். நான்காவதன் தலை இந்தியச் சொல், வால் மட்டும் டச்சு. அந்த வால் ஒட்டிய கதையில், கடன்சொற்கள் எந்த இடத்தில் உடைந்து பயணப்படுகின்றன என்பது தெளிவாகத் தெரிகிறது.

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஹுக்ளி ஆற்றங்கரையில் சூஞ்சுராவைத் தன் வங்காளத் தலைமையிடமாக்கியது. ஹவுராவிலிருந்து அது ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவு. வெடியுப்பு, பட்டு, அபின் ஆகியவை அங்கிருந்து கப்பலேறின. 1759இல் ஆங்கிலேயரிடம் தோற்றபின் டச்சுக்காரரின் கை தளர்ந்தது. 1824 ஒப்பந்தத்தின்படி மறு ஆண்டு ஊரையே கொடுத்துவிட்டுப் போனார்கள். சுனீதிகுமார் சாட்டர்ஜி 1926இல் வெளியிட்ட வங்கமொழி வரலாற்று நூலில் டச்சு வரவாகக் காட்டும் சொற்கள் மிகச் சிலவே. அவற்றில் முக்கியமானவை சீட்டாட்டத்தைச் சேர்ந்தவை. வணிகம் விட்டுச் செல்லாத சொற்களை விளையாட்டு விட்டுச் சென்றிருக்கிறது.

டச்சு மொழியில் ‘ஹார்ட்’ என்றால் இதயம், ‘ரௌட்’ என்றால் சாய்சதுரம், ‘ஸ்கோப்’ என்றால் மண்வாரி. மூன்றும் ‘என்’ என்ற பன்மை விகுதியை ஏற்று ஹார்ட்டென், ரௌட்டென், ஸ்கோப்பென் ஆகின்றன. பொருளைப் பார்த்துப் பிரித்தால் ஹார்ட்+என். ஒலிக்கும்போதோ பகுதியின் இறுதி மெய் அடுத்த அசைக்குத் தாவி ஹார்-டென் என்றாகிறது. வரி முடிவில் சொல்லை உடைக்கும் டச்சு அச்சுமரபும் இங்கே அசையின் பக்கமே நிற்கிறது.

தொகைச்சொல் வந்தால் மரபு மாறிவிடும். டச்சுக்காரர்கள் எத்தனை சொற்கள் சேர்ந்தாலும் இடைவெளி விடாமல் ஒன்றாக எழுதுபவர்கள். இஸ்பேட் ஏஸுக்கு ‘ஸ்கோப்பென்ஆஸ்’, ஆட்டின் ராணிக்கு ‘ஹார்ட்டென்ஃப்ரௌ’. இவற்றைப் பிரிக்கையில் சொல்லும் சொல்லும் சேர்ந்த மூட்டினைக் காப்பாற்றுவது விதி. ஆகவே ஸ்கோப்-பென்-ஆஸ் என்பதுதான் சரி, ஸ்கோப்-பெ-னாஸ் என்பது பிழை. தமிழில் மெய்யின்மேல் உயிர் தயங்காமல் ஏறும்: கடலும் அலையும் சேர்ந்தால் கடலலை. நாம் காதுக்கு இசைய எழுதுகிறோம், அவர்கள் மூட்டுக்கு இசையப் பிரிக்கிறார்கள்.

டச்சுப் பெயர்களைச் சூஞ்சுராவிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் காதால் கேட்டு எடுத்துக்கொண்டவர்களுக்கு ‘என்’ பன்மை விகுதி என்று தெரிய வழியில்லை. அவர்கள் கேட்டது ஹர்-தன், ருயி-தன். வங்காளியின் வாயில் அந்த அகரம் சற்றே குவிந்து ‘தொன்’ என ஒலிக்கும். இரண்டு இனங்களின் பெயரும் ஒரே அசையில் முடிந்ததால், அந்த அசையே சீட்டினத்தைக் குறிக்கும் விகுதிபோல அவர்களுக்குப் பட்டது. கிளாவருக்கு இந்தியில் ‘சிடி’ என்று பெயர். அதோடு ‘தன்’ சேர்ந்தது, சிடித்தன் பிறந்தது. டச்சுக்காரரிடம் அப்படி ஒரு விகுதி இருந்ததே இல்லை. ‘ஹார்ட்’ என்பதன் ஈற்றெழுத்தும் பன்மையின் ஒலியும் ஒட்டி, வங்காளத்தில் உருவான புது உறுப்பு அது. இஸ்காபனில் தகரம் இல்லாததால் அது இந்தக் குடும்பத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. முதலில் இருந்த மெய்க்கூட்டத்தை ஏற்க ஓர் இகரத்தை மட்டும் முன்னால் சேர்த்துக்கொண்டது.

நம் யாப்பிலக்கணத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பொருள் முடியும் இடத்தைப் பாராமல் ஓசை கேட்கும் இடத்தில் சொல்லைப் பிரித்துச் சீராக்குவதை வகையுளி என்கிறோம். வங்காளிகள் டச்சுச் சொல்லுக்குச் செய்தது வகையுளிதான். பெயர்களும் ஆழ வேரூன்றிவிட்டன. 1933இல் தாகூர் எழுதிய ‘தாஷேர் தேஷ்’ நாடகத்தில் ஹரதனி, ருயித்தன், இஸ்காபனி என்று பாத்திரங்களே நடமாடுகின்றன.

பெயரோடு ஆட்டமும் வந்திருக்கலாம். வங்காளத்தில் இன்றும் ஆடும் ‘இருபத்தொன்பது’ ஆட்டத்தில் குலாம் எனும் ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. ஓர் இனத்துக்கு 7, நான்குக்கும் 28, கடைசிப் பிடிக்கு இன்னொன்று. யாழ்ப்பாணத்தார் ஆடும் 304இலும் குலாமே தலைவன், அடுத்தது ஒன்பது. டச்சு நாட்டின் ‘கிளாவர்யாஸ்’ ஆட்டத்தில் துருப்பு இனத்துக்கு இதே வரிசை. சூஞ்சுராவும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் இருந்த இடங்கள் என்பதை நினைத்தால் உறவு இருக்கலாம் என்று தோன்றும். நம் ‘துருப்பு’ச் சீட்டே அவர்களின் ‘ட்ரூஃப்’தான். ஓரசைச் சொல் வங்காளத்தில் துருப் என நீண்டது, தமிழில் உகரமும் பெற்றது.

தமிழுக்கு வந்த டச்சுத் தொகைச்சொல்லும் ஒன்று உண்டு. ‘காக்’ என்றால் மலம், ‘ஹௌஸ்’ என்றால் வீடு. சேர்ந்த சொல் நமக்குக் கக்கூஸ். ஹகரம் கரைந்தது, ககரம் இரட்டித்தது, மூட்டு மறைந்தது. இன்று அதைக் கக்-கூஸ் என்று பிரிக்கும் எவருக்கும் ‘கூஸ்’ வீடாகத் தெரியாது.

சொற்பிறப்பு தேடுவோர் முதலில் பொருளுள்ள துண்டுகளைத்தான் தேடுகிறார்கள். கடன்சொல்லுக்கு அந்த வழி பல நேரங்களில் பொய்க்கும். சிடித்தனின் ‘தன்’ விகுதிக்குப் பொருள் தேடினால் டச்சு மொழியில் கிடைக்காது. கேட்டவர் காது எங்கே பிரித்தது என்று முதலில் அசை பிரித்துப் பார்க்க வேண்டும், அதன்பிறகே பகுதி விகுதிக்குப் போக வேண்டும். அசைக்கு இத்தனை நுணுக்கமான இலக்கணம் வகுத்த தமிழ், தன் கடன்சொற்களையும் அந்த இலக்கணத்தைக் கொண்டே ஆராய வேண்டும்.