குன்னத்துகாலில் இருந்து தேரிக்கு: காரில் போய்ப் பார்க்கக்கூடிய செம்மணல் 'பாலைவனம்'

பாலைவனம் பார்க்க ஜெய்சால்மருக்குத்தான் போகணும்னு இல்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் குன்னத்துகாலில் இருப்பவர் என்றால், உங்களுக்குச் சுமார் 130 கி.மீ. தூரத்தில், தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு செக்கச்சிவந்த மணல்காடு இருக்கிறது. பெயர் தேரி. அதில் பெரியது குதிரைமொழித் தேரி, சுமார் 12,000 ஏக்கர்.

களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, வள்ளியூர், திசையன்விளை, சாத்தான்குளம், காயாமொழி. இதுதான் வழி. ஆரல்வாய்மொழி வரும்போது மட்டும் தூங்கிடாதீங்க. தேரி எப்படி உருவானது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கு.

ஜூன் மாதம் உங்கள் ஊரில் மழையைக் கொட்டும் அதே தென்மேற்குக் காற்று, ஈரத்தை மலைக்கு மேற்கேயே இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் வேகமெடுக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுவதும் இதனால்தான். அந்தக் காற்று பல ஆயிரம் ஆண்டுகளாக அள்ளிக் குவித்த மேடுகள்தான் தேரி. சிவப்பு நிறத்துக்குக் காரணம், மணல் துகள்கள் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. எளிதாகச் சொன்னா, துரு.

அப்போ இது பாலைவனமா? கணக்குப்படி இல்லை. பொதுவாக ஆண்டுக்கு 250 மி.மீ.க்குக் குறைவாக மழை பெறும் நிலத்தையே பாலைவனம் என்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாகச் சுமார் 650 மி.மீ. பெய்கிறது, பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். விழுகிற தண்ணீரை மணல் உடனே உறிஞ்சிக்கொள்வதால் மேலே வறட்சி, கீழே ஈரம். தேரிக்குள் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் பெயரிலேயே சுனை இருப்பதைக் கவனியுங்கள். பனையும் முந்திரியும் (உங்க பக்கம் கொல்லாமரம்) வளர்வதும் அப்படித்தான்.

ஆளில்லாத நிலமும் இல்லை. இங்கே கிடைத்த கற்கால நுண்கருவிகள் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் சுற்றுவட்டார ஊர்களில் பனையேற்றம் ஒரு பிழைப்பு. குமரிப் பக்கம் 'அக்கானி' என்பதை இங்கே 'பதநீர்' என்று கேளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியும் இந்த வட்டாரத்துச் சரக்குதான்.

ஆனா 'பாலைவனம்' என்ற பட்டம் சும்மா வரவில்லை, அதற்கு ஒரு விலை உண்டு. தேரி மணலில் இல்மனைட் இருக்கிறது. டைட்டானியம் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சாத்தான்குளம் பகுதியில் டாடா நிறுவனம் திட்டமிட்ட டைட்டானியம் ஆலைக்காக நிலம் கேட்கப்பட்டபோது, 2007-இல் ஊர்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டம் நின்றுபோனது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் மணலாகத் தெரிவது, அங்கே இருப்பவருக்குப் பனங்காடு, நிலத்தடி நீர், குலதெய்வம். ரீல்ஸில் 'தமிழ்நாட்டின் சகாரா' என்று போடும் முன் இதை யோசிக்கலாம்.

போவதற்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் மணல் முகத்தில் அடிக்கும். காலை ஒன்பதுக்குள் சுற்றிவிடுங்கள், உள்ளே கடை எதிர்பார்க்காமல் தண்ணீர் எடுத்துக்கோங்க. காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள். மணலில் இறக்கினால் டயர் புதைந்துவிடும், இழுக்க டிராக்டர் தேட வேண்டியிருக்கும். குதிரைமொழி காப்புக்காடு என்பதால், சாலையை விட்டு உள்ளே தூரமாக நடக்க நினைத்தால் முதலில் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.