லாக் அவுட் செய்யும்போது திறந்திருக்கும் செயலிகள் என்னவாகின்றன?

இன்று பல குடும்பங்களில் ஒரே கணினியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். மகளின் கல்லூரி ப்ராஜெக்ட், மகனின் வீட்டுப்பாடம், கடையின் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவசரத்தில் லாக் அவுட் செய்துவிட்டு எழுந்து போகிறோம். சேமிக்காமல் விட்ட வேலை அப்போது என்னவாகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

பொதுவாக இது இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலில் கணினி செயலிகளிடம் கேட்கிறது. பதில் வராவிட்டாலோ, நாம் வற்புறுத்தினாலோ, கட்டாயமாக மூடக்கூடும். வேலை பறிபோவது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

விண்டோஸ்: திறந்திருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் 'மூடப் போகிறேன், சம்மதமா?' என்று ஒரு செய்தி செல்கிறது. சேமிக்காத கோப்பு இருந்தால் செயலி மறுக்கலாம். மறுத்தாலோ, சுமார் 5 விநாடிகளில் பதில் தராவிட்டாலோ, தடையாக இருக்கும் செயலிகளின் பெயர்கள் திரையில் தோன்றும். விஸ்டா பதிப்பு முதல், தடுப்பதற்கான காரணத்தையும் செயலி அங்கே எழுதிக் காட்ட முடியும். அங்கே 'ரத்து செய்' என்பதை அழுத்தினால் திரும்பிச் சென்று சேமிக்கலாம். 'எப்படியும் வெளியேறு' என்பதை அழுத்தினால் சேமிக்காதவை போய்விடும்.

மேக்: ஒவ்வொரு செயலிக்கும் முடித்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை போகிறது. ஒரு செயலி மறுத்தாலும் லாக் அவுட் நின்றுவிடும். மீண்டும் உள்ளே வரும்போது பழைய ஜன்னல்களைத் திறந்து தரும் வசதி 2011இல் வந்த லயன் பதிப்பில் சேர்ந்தது.

லினக்ஸ்: க்னோம் திரைச்சூழலில் லாக் அவுட் பெட்டி 60 விநாடிகளை எண்ணிவிட்டுத் தானாகவே வெளியேறிவிடும். தடுக்கக் கோரும் செயலிகளின் பெயரையும் அது காட்டும். சிஸ்டம்டி உள்ள கணினிகளில், மூடவேண்டிய நிரல்களுக்கு முதலில் 'முடித்துக்கொள்' என்ற சமிக்ஞை போகிறது. இயல்பாக 90 விநாடிகள் அவகாசம் உண்டு. அதன்பின் வரும் சமிக்ஞையை எந்த நிரலாலும் மறுக்க முடியாது. 2016இல் வந்த சிஸ்டம்டி 230, லாக் அவுட் செய்தவரின் பின்னணி வேலைகளையும் நிறுத்துவதை இயல்பாக்கியது. இரவு முழுதும் ஓடவேண்டிய வேலைகள் நின்றுவிடும் என்று பலர் ஆட்சேபித்தனர். டெபியன் பழைய முறையையே வைத்துக்கொண்டது.

நாம் கவனிக்க வேண்டியவை:

- லாக் அவுட் செய்யும் முன் கோப்புகளைச் சேமித்து, செயலிகளை நாமே மூடிவிட வேண்டும்.
- எச்சரிக்கை வந்தால் படிக்காமல் அழுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் 'ரத்து' என்பதே பாதுகாப்பு.
- சிறிது நேரம் எழுந்து செல்வதற்கு லாக் அவுட் தேவையில்லை. விண்டோஸ் பொத்தானுடன் 'எல்' அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும், செயலிகள் அப்படியே ஓடும்.
- பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதும் பிளக்கைப் பிடுங்குவதும் கேட்கும் கட்டத்தையே தாண்டிவிடும். கணினி முற்றாக உறைந்துபோனால் மட்டுமே அது கடைசி வழி.
- வீட்டில் வேறொருவரின் கணக்கு திறந்திருக்கும்போது ஷட் டவுன் செய்தால், அவருடைய சேமிக்காத வேலை இழக்கப்படலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். அப்போது அவரை அழைத்துக் கேட்டுவிட்டு மூடுவதே முறை. அந்த வேலை நம் கையில் இருக்கும் அமானிதம்.