குளிரில் வெடிக்கும் குழாய்கள்

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் விரிவடையும். நமக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த விஷயம். குளிர் நாடுகளில் வீடு கட்டுபவர்களுக்கோ இது பெரிய செலவு. கூடமும் படுக்கையறையும் சூடாக இருக்கும். கார் நிறுத்தும் அறைக்கும் பரணுக்கும் அந்த வசதி கிடையாது. அங்கே போகும் குழாயை எதில் போடுவது?

முதலில் ஈயம். ரோமானியர்களே ஈயக் குழாய்களில்தான் நீர் கொண்டுவந்தார்கள். 'பிளம்பர்' என்ற சொல்லே ஈயத்தின் லத்தீன் பெயரான 'பிளம்பம்' என்பதிலிருந்து வந்ததுதான். ஈயம் மென்மையானது. தண்ணீர் உறைந்தால் உடனே உடையாது, உப்பும். ஆனால் உப்பியது பழைய அளவுக்குத் திரும்பாது; பல குளிர்காலங்களுக்குப் பிறகு ஒருநாள் கிழியும். இதைவிடப் பெரிய குறை, ஈயம் விஷம். அப்படியிருந்தும் அமெரிக்காவில் குடிநீருக்குப் புதிதாக ஈயக் குழாய் போடத் தடை வந்தது 1986-இல்தான்!

துத்தநாகம் பூசிய இரும்பு உள்ளே துருப்பிடித்து அடைத்துக்கொண்டது. செம்பு நீண்ட காலம் உழைத்தது, ஆனால் பனிக்கு வெடித்தது. 1978 வாக்கில் பாலிபியூட்டிலின் என்ற பிளாஸ்டிக் வந்தது. மலிவு, வளையும், உறைந்தாலும் தாங்கும். ஆனால் குடிநீரில் கலக்கும் குளோரின் அதை உள்ளிருந்தே அரித்தது. 1995-இல் அமெரிக்காவில் முடிந்த வழக்கில் நஷ்டஈட்டுக்கு ஒதுக்கிய தொகை 95 கோடி டாலர்.

இப்போது பலரும் போடுவது பெக்ஸ். ஜெர்மனியின் தாமஸ் எங்கல் 1968-இல் உருவாக்கிய, மூலக்கூறுகள் குறுக்காகப் பிணைக்கப்பட்ட பாலிஎத்திலின். உறைந்தால் விரியும், உருகினால் பெரும்பாலும் பழையபடி சுருங்கும். இணைப்புகள் மட்டும் உடையலாம்.

உண்மையில் குழாய் எப்படி வெடிக்கிறது? பனிக்கட்டி சுவரை நெருக்குவதால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990களில் நடந்த ஆய்வு வேறு காரணம் சொன்னது. வளரும் பனிக்கட்டிக்கும் மூடிய திருகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம்தான் குழாயைப் பிளக்கிறது. அதனால் பனிக்கட்டி இல்லாத இடத்திலும் குழாய் உடையலாம். கடுங்குளிரில் திருகைச் சொட்டவிடச் சொல்வதற்கும் காரணம் இதுதான். வெளியே வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது என்றும் அந்த ஆய்வு கண்டது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர் அடித்தது. மின்சாரம் போனது, வீடு முழுவதும் குளிர்ந்தது. பரண் வழியாகக் குழாய் போட்டிருந்த பல வீடுகளில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. குளிர் அதிகமான ஊர்களில் கவனமானவர்கள் சூடான பக்கத்திலேயே ஒரு அடைப்பு வால்வு வைத்து, குளிர்காலம் வரும் முன் குழாயில் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிடுகிறார்கள். அதன்பிறகு அது செம்பா பெக்ஸா என்பது அவ்வளவு முக்கியமில்லை.