எழுத்துப் பூட்டு

திறப்பு இல்லாத பூட்டு என்றால் எவரும் நகைப்பர். பூட்டுக்கு ஒரு திறப்பு, திறப்புக்கு ஒரு துவாரம் என்பதே நாம் கண்டு பழகிய வழக்கம். ஆயின் துவாரமே இல்லாது, எழுத்துக்களாற் பூட்டி எழுத்துக்களால் திறக்கும் ஆமைப் பூட்டு ஒருவகை உண்டு. இக்காலத்துப் பிரயாணப் பெட்டிகளில் இலக்கங்களோடு காணப்படுவது அதன் பேரப்பிள்ளை. மூத்ததன் வரலாற்றை ஆராயும்படி எம்மைத் தூண்டியது எங்கள் வீட்டுத் தகராறு ஒன்றே. ஆதலால் அதிலிருந்து தொடங்குகின்றோம்.

எங்கள் அம்மம்மாவின் தகப்பனார், அதாவது எமக்குப் பூட்டனார், மலாயாவிற் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராய் இருந்து இளைப்பாறி ஊர் திரும்பியவர். யாழ்ப்பாணத்தார் மலாயன் பென்சனியர் என்று அழைத்த கூட்டத்துள் ஒருவர். அவர் கொண்டுவந்த தேக்கம் பெட்டி ஒன்று வீட்டின் உள்ளறையிற் பல்லாண்டு கிடந்தது. அதன் கொண்டியிற் பித்தளை எழுத்துப் பூட்டு ஒன்று தொங்கிற்று. பூட்டனாரின் பூட்டு என்று சிறுவயதில் யாம் விளையாட்டாகச் சொல்லி ஏச்சு வாங்கியதுண்டு. பூட்டைத் திறக்கும் நான்கெழுத்து எதுவென்று அவர் எவருக்கும் சொல்லாமலே காலமானார். பெரியம்மா விடுமுறை தோறும் அதன் முன் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்ப்பார். சிவன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நான்கெழுத்து, அது பலிக்கவில்லை. ஈப்போ நகரின் பெயரும் நான்கெழுத்தாதலால் அதிற் பெருநம்பிக்கை வைத்திருந்தாராம், அதுவும் பலிக்கவில்லை. சென்ற ஆண்டு வீடு திருத்த வேண்டி வந்தபோது, பூட்டை வாளால் அரிந்துவிடலாம் என்றார் மாமா. “ஐயா பூட்டின பூட்டை நான் அரிய விடமாட்டன்” என்றார் அம்மம்மா. இரண்டு கிழமை அவர்கள் இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பூட்டின் அமைப்பைச் சொல்லாமல் வரலாற்றைச் சொன்னால் விளங்காது. பித்தளை உருளை ஒன்று. அதன் நடுவே நான்கு வளையங்கள் அடுத்தடுத்துக் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வளையத்தின் வெளிப்புறத்திலும் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. வளையங்களின் ஊடே ஓர் அச்சு செல்கின்றது. அவ்வச்சில் வளையத்துக்கு ஒன்றாக நான்கு பற்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் ஒரு பல் நுழைந்து செல்லத்தக்க பள்ளம் ஒன்றே ஒன்று உண்டு. நான்கு பள்ளங்களும் பற்களுக்கு நேரே வந்தால் அச்சை இழுக்கலாம்; வளைகம்பி விடுபடும். ஒரு வளையம் பிசகினாலும் அதன் பல் சுவரில் முட்டி நின்றுவிடும். இவ்வளவே சூட்சுமம்.

இதனைக் கண்மூடித்தனமாகத் திறக்க முயல்வோர்க்கு நேரும் கதியைக் கணக்கிட்டுப் பார்த்தோம். நான்கு வளையங்களில் வரத்தக்க எழுத்து வரிசைகள் 4,56,976. நிமிடத்துக்குப் பத்து வீதம் நாள்தோறும் இரண்டு மணிநேரம் சோதித்தால் முழுவதையும் முடிக்க ஓராண்டுக்கு மேற் செல்லும். ஆங்கிலத்தில் இதனைச் சேர்மானப் பூட்டு என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். எழுத்துக்களின் ஒழுங்கு மாறினாற் பூட்டுத் திறவாது. சேர்மானத்திலோ ஒழுங்குக்கு இடமில்லை. உயர்தர வகுப்பிற் கணிதம் படித்தோர் இப்பெயரைக் கேட்டு முகஞ்சுளிப்பர். எழுத்துப் பூட்டு என்னும் பெயரே எமக்கு உவப்பு.

இக்கருவி ஐரோப்பியர் கண்டது என்று யாமும் முதலில் எண்ணினோம். பாடசாலையிற் படித்த பொருள்களிற் பெரும்பாலானவை அங்கிருந்தே வந்தனவாகச் சொல்லப்பட்டமையால் வந்த பழக்கம் அது. உண்மை வேறு. பாரசீகத்து இஸ்ஃபஹான் நகரைச் சேர்ந்த முகம்மது இப்னு ஹாமிது அல் அஸ்துர்லாபி என்பவர் 1200-1201ஆம் ஆண்டளவிற் செய்த பேழை ஒன்று, மூடியில் எழுத்துக்கள் பொறித்த சுழல் தட்டுக்களோடு, இன்று டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரத்து அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ளது. அஸ்துர்லாபி என்பது வானோக்குக் கருவி செய்பவர் என்று பொருள்படும் தொழிற்பெயர். விண்மீன்களின் உயரத்தை அளக்கும் வட்டத் தட்டைப் பாகை பாகையாகப் பிரித்த கையே பேழையின் தட்டையும் எழுத்து எழுத்தாகப் பிரித்தது. சில ஆண்டுகளின் பின், 1206இல், தைகிரிசு நதிக்கரையிலுள்ள ஆமித் நகரில் அல் ஜஸரி என்னும் பொறியறிஞர் எழுதி முடித்த புகழ்பெற்ற இயந்திர நூலிலும் எழுத்துக்களால் திறக்கும் பெட்டிப் பூட்டு ஒன்று விளக்கப்பட்டுள்ளது. சீனத்திலும் பித்தளை எழுத்துப் பூட்டுக்கள் வழங்கின. அவற்றின் வளையங்களிற் சீன எழுத்துக்களே பொறிக்கப்பட்டன.

ஐரோப்பாவில் இதைப் பற்றி எழுதியோருள் முன்னிற்பவர் இத்தாலியர் கார்டானோ. 1501இற் பிறந்து 1576இல் மறைந்த இவர் வைத்தியர், கணித வல்லுநர், சூதாட்டத்திற் பெரும் விருப்பினர். தாயக்கட்டை விழும் வாய்ப்புக்களைக் கணக்கிட்டு நூல் செய்த முன்னோடி இவரே. 1550இல் வெளிவந்த, ‘நுண்மைகளைப் பற்றி’ எனப் பொருள்படும் பெயருடைய தமது இலத்தீன் நூலில் எழுத்துப் பூட்டையும் இவர் விளக்கியுள்ளார். எத்தனை முறை எறிந்தால் எந்த முகம் விழும் என்று சிந்தித்த மனத்துக்கு இப்பூட்டின் மேல் ஆசை எழுந்ததில் வியப்பென்ன?

அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் நாடக மேடையிலும் இப்பூட்டு ஏறியது. பிளெச்சரின் பெயரால் வழங்கும் நாடகம் ஒன்றில், ஆமென் என்னும் சொல்லால் திறக்கும் விநோதப் பூட்டொன்று பேசப்படுகின்றது. ஆங்கிலத்தில் அது நான்கெழுத்து. மிஷன் பாடசாலையிற் காலைதோறும் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த யாம் ஓடிச்சென்று அதையும் வைத்துப் பார்த்தோம். பெரியம்மா சிரித்தார். பூட்டு அசையவில்லை.

இக்காலம் வரை இருந்த எழுத்துப் பூட்டுக்களிற் பெரிய குறை ஒன்று உண்டு. எழுத்தும் பள்ளமும் ஒரே வளையத்தில் வெட்டப்பட்டமையால் திறக்கும் சொல் செய்தவன் வைத்ததே. வாங்கியவன் அதை மாற்ற இயலாது. கடைக்காரன் அறிவான், கம்மாலையில் வேலை செய்தோன் அறிவான், முன்னர் வைத்திருந்தோனும் அறிவான். இத்தனை பேர் அறிந்ததை இரகசியம் என்று அழைப்பது எங்ஙனம்? இதனைத் திருத்தியவருள் பெயர்பெற்றவர் பிரான்சு நாட்டு எத்மே ரென்யே. 1751 முதல் 1825 வரை வாழ்ந்த இவர் பாரிஸ் நகரப் படைக்கலக் காட்சிச்சாலையின் தலைவராய் இருந்தவர். மனிதரின் கைவலிமையை அளக்கும் கருவியையும் ஆக்கியவர். ரென்யே ஒவ்வொரு வளையத்தையும் இரண்டாக்கினார். பள்ளம் உள்வளையத்தில், எழுத்துக்கள் வெளிவளையத்தில். பூட்டுத் திறந்திருக்கும்போது உள்ளதையும் புறத்ததையும் வேண்டியவாறு பொருத்திக் கொள்ளலாம். சொல் அன்று முதல் உடையவனின் சொத்தாயிற்று. இத்திருத்தம் காண்பதற்கு மிகச் சிறியது. ஆனால் எழுத்துப் பூட்டின் வரலாற்றில் இதனிலும் பெரியது வேறில்லை என்பது எமது துணிபு.

ஆயினும் இரகசியச் சொல்லை அறியாமலே பூட்டைத் திறக்க வழி உண்டா என்பதே எங்கள் வீட்டுக் கேள்வி. அதற்கு விடை, திறப்பாற் பூட்டும் பூட்டுக்களின் வரலாற்றிலே கிடைத்தது. இலண்டனில் ஜோசப் பிராமா என்பார் 1784இல் உரிமைச் சாசனம் பெற்ற பூட்டு எவராலும் திறக்கொணாதது என்று பெயர் பெற்றிருந்தது. அவர்தம் நிறுவனத்தார் பிக்கடிலி வீதிக் கடையின் யன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, கருவி கொண்டு இதைத் திறப்பாருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தனர். பல்லாண்டு அது வெல்வாரின்றிக் கிடந்தது. 1851இல் இலண்டனிற் பெருங் கண்காட்சி நடந்தபோது அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் ஆல்பிரட் ஹொப்ஸ் அங்கு வந்தார். முதலிற் புகழ்பெற்ற ஷப் பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்தார். பின் பிராமாவின் பூட்டை எடுத்துக்கொண்டு, 16 நாட்களிற் பரந்த 51 மணிநேர உழைப்பால் அதையும் திறந்து பரிசைப் பெற்றார். இலண்டன் பத்திரிகைகள் அல்லோலகல்லோலப்பட்டன.

ஹொப்ஸ் கையாண்ட உபாயம் மாயமன்று. மனிதன் செய்யும் பொருளில் எந்த இரண்டு உறுப்பும் மயிரிழையும் பிசகாது ஒத்திருப்பதில்லை. தாழைத் திறக்கும் திசையில் மெல்ல அழுத்திப் பிடித்தால் உள்ளிருக்கும் உறுப்புக்கள் யாவும் ஒருங்கே தடுப்பதில்லை. அவற்றுள் ஒன்றே முதலில் தடுக்கும். எது இறுகி நிற்கின்றது என்பதை விரல் உணரும். அதனைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் தாழ் மயிரிழை அசையும். அடுத்த உறுப்பு இறுகும். இவ்வாறு ஒவ்வொன்றாகப் பேசவைக்கலாம். ஹொப்ஸ் தந்த செய்திகளைக் கொண்டு சார்ள்ஸ் டொம்லின்சன் பதிப்பித்த நூல் 1853இல் இலண்டனில் வெளிவந்தது. பூட்டுக்களின் குறைகளை வெளியிடுதல் கள்வருக்குப் பாடம் சொல்வதாகாதோ என்று அக்காலத்திற் பலர் முறையிட்டனர். கள்வர் தம் தொழிலை முன்னரே நன்கறிவர், அறியாதவர் பூட்டை வாங்கும் நேர்மையாளரே என்பது அந்நூலின் வாதம். எமக்கு அது நியாயமாகவே படுகின்றது.

ஹொப்ஸின் வழியை எழுத்துப் பூட்டுக்குப் பொருத்தினால் கணக்குத் தலைகீழாகின்றது. நான்கு வளையங்களும் ஒன்றையொன்று மறைக்கும்போதுதான் 4,56,976. ஒவ்வொரு வளையமும் தனித்தனியே பேசுமாயின் 26இன் நான்கு மடங்கு, அதாவது 104 நிலைகளே. முன்னது ஓராண்டு வேலை. பின்னது ஒரு மாலைப்பொழுதின் வேலை.

எமக்கு மூன்று மாலைகள் சென்றன. மாமா அரிவாளைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாம் அச்சின் முனையை இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலக்கையால் வளையங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றினோம். முதலாம் நாள் எல்லா வளையங்களும் ஒரே இறுக்கமாய் நின்றன, ஒன்றும் விளங்கவில்லை. பெரியம்மா ஆண்டுதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் பழப்புளி போட்டு மினுக்கி வந்தமையால் இடுக்குகளில் எல்லாம் களிம்பு பிடித்திருந்ததே காரணம். தையல் மெசின் எண்ணெயிட்டு ஓரிரவு விட்டுவைத்தோம். மறுநாள் மூன்றாம் வளையம் மட்டும் இறுகி நிற்க, மற்றவை தளர்ந்து ஓடின. அதை எழுத்து எழுத்தாகத் திருப்பி வருகையில் ஓரிடத்திற் சட்டென்று தளர்ந்தது. உடனே முதலாம் வளையம் இறுகிற்று. அதன் பின் இரண்டாவது. நான்காவது வளையம் ஏமாற்றியது. தளர்ந்தது போலக் காட்டித் தளராமல் நின்றது. மிகுதியாய் இழுத்ததே பிழை என்பது மூன்றாம் நாள் விளங்கிற்று. மெல்லப் பிடித்தால்தான் விரலுக்குக் கேட்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அச்சு வெளியே வந்தது. அம்மம்மா வாய் திறவாமற் பூட்டைக் கையில் வாங்கி முந்தானையால் துடைத்தார்.

திறந்தபின் அதைக் கழற்றிப் பார்த்தோம். உள்வளையம், வெளிவளையம் என்ற வேறுபாடு அதில் இல்லை. எழுத்தும் பள்ளமும் ஒரே பித்தளையில் வெட்டப்பட்டவை. ரென்யேயின் திருத்தத்துக்குப் பிந்திய காலத்தில் விற்பனையானதாயினும், மலிவு கருதிப் பழைய முறையிலேயே செய்யப்பட்ட பூட்டு அது. திறக்கும் எழுத்துக்கள் நான்கும் ஆங்கிலத்திலும் சொல்லாகவில்லை, மலாய் மொழியிலும் ஆகவில்லை, தமிழாக வாசித்தாலும் பொருளில்லை. பட்டறையில் எவனோ அன்றைக்குக் கைக்கு வந்தவாறு வெட்டியவை. பூட்டனார் தம் மனத்துக்கு உகந்த சொல்லையே வைத்திருப்பார் என்று நம்பிப் பெரியம்மா கழித்த விடுமுறைகள் அத்தனையும், அவர் ஒருபோதும் தெரிந்தெடுத்திராத சொல்லைத் தேடியே கழிந்தன. இதை அவருக்கு எடுத்துச் சொல்வது பூட்டைத் திறப்பதிலும் கடினமாயிருந்தது. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்ப ஐயா எங்களுக்கு ஒளிக்கேல்லை” என்றார். எழுத்துக்களைக் குறித்த கடுதாசித் துண்டு எங்கோ தவறியிருக்கும் என்பதே அவர் கருத்து. யாமும் அவ்வாறே கருதுகின்றோம்.

பெட்டிக்குள் இருந்தவை குடும்பத்துக் காகிதங்கள். இக்கட்டுரைக்கு வேண்டியவை அல்ல. பூட்டு மீண்டும் அதே கொண்டியில் தொங்குகின்றது. எழுத்துக்கள் நான்கையும் அம்மம்மா தமது பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துள்ளார். அவற்றை இம்மலரில் வெளியிட அனுமதி கேட்டோம். டொம்லின்சனின் வாதத்தையும் எடுத்துரைத்தோம். அவர் இசையவில்லை.