பாலை நரியும் தமிழ்ப் பெயரும்

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் புலி உண்டு; செந்நாய் உண்டு; நரி இல்லை. ஆயினும் ரிங்லெட் வட்டாரத்தில் தமிழ் பயிலும் சிறுவன் நரியை நன்கறிவான். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலத்தை ஒட்டி அம்மலைகளில் வந்து உழைத்த தமிழர், வறண்ட சீமையின் அவ்விலங்கைச் சொல்லாக மட்டுமே உடன் கொணர்ந்தனர்.

அச்சொல் எவ்விலங்கைக் குறிக்கும் என்பதில்தான் சிக்கல். பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் ஊளையிடும் பெருநரிகள். திராட்சை புளிக்கும் என்ற ஈசாப்பின் விலங்கோ வேறினம்; ஐரோப்பியச் செந்நரி. தமிழில் இரண்டும் நரியே. தொல்காப்பிய மரபியல் நரியின் இளமையைக் குருளை என வகுக்கிறது. நிகண்டுகள் ஓரி என்ற பெயரையும் தருகின்றன. நரிவெரூஉத்தலையார் என்றொரு சங்கப் புலவரே இருந்தார். இவ்வளவு பெயர்வளம் இருந்தும் சிறிய இனத்துக்கென உறுதியான தனிப்பெயர் நிலைக்கவில்லை. குள்ளநரி என்று எழுதுவோர் உண்டு. பேச்சு வழக்கில் அப்பெயர் இரண்டிற்கும் செல்கிறது. பெரியதன் பழியைச் சிறியது சுமப்பதற்கு இக்குழப்பமும் ஒரு காரணம் எனலாம்.

அச்சிறிய இனத்துக்கு 1800-இல் அறிவியற் பெயரிட்டவர் ஆங்கிலேயரான ஜார்ஜ் ஷா. வங்காளத்தின் பெயரை அவர் சூட்டினாலும், இமயத்தின் அடிவாரம் முதல் தென்கோடி வரையுள்ள வறண்ட வெளிகளே அதன் வீடு. எடை இரண்டு மூன்று கிலோ, வால்நுனி கறுப்பு. தார்ப் பாலையிலும் கட்சு உப்புவெளியிலும் இதனோடு வாழும் பாலை நரிக்கு வால்நுனி வெள்ளை. பிளைத் என்பார் 1854-இல் அதனை விவரித்தார். அது ஈசாப்பின் செந்நரி இனத்தைச் சேர்ந்த ஒரு கிளையே என்பது சுவையான செய்தி.

பாலையில் பிழைப்பதற்கு உடலும் ஒழுக்கமும் ஒருங்கே உதவுகின்றன. மணல் நிற உரோமம் மறைவு தருகிறது. பெரிய காது வெப்பத்தை வெளியேற்றுகிறது. எலியின் சிற்றொலியையும் பிடிக்கிறது. பகல் முழுதும் பல வாயில்களுள்ள வளையில் கிடந்து, வெயில் தணிந்தபின் வெளிவரும். எலி, பல்லி, கறையான், காட்டுப் பழம் எதுவாயினும் உண்ணும். நீரின் பெரும்பகுதியும் அவ்வுணவிலிருந்தே கிடைக்கிறது. சகாராவின் பென்னெக் நரிக்கு உள்ளங்காலிலும் மயிர் உண்டு. சுடுமணலில் அதுவே செருப்பு.

இவ்விரு இந்திய நரிகளும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன என்பது மிகை. அவற்றின் நிலம் சுருங்குகிறது என்பதே உண்மை. உழவுமில்லாத, மரமுமில்லாத வெளியை வருவாய்த் துறைக் கணக்கு தரிசு என்று எழுதிற்று. தரிசு என்றபின் அதனை உழலாம், மரம் நடலாம், ஆலை எழுப்பலாம். 1958-இல் தொடங்கிய இராசத்தான் கால்வாய் பாலையின் ஒரு பகுதியை வயலாக்கியது; மக்களுக்கு அது வாழ்வு, நரிக்கு இடப்பெயர்வு. ஊர்நாய்களின் வெறிநோயும், நரிக்கொம்பு என்ற பொய்த் தாயத்துக்கான வேட்டையும் சேர்ந்துகொண்டன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. தரிசு என்ற சொல்லை அது தொடவில்லை.

சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், குள்ளநரியின் வாழ்க்கையை நேரிற் கண்டு, 1978-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் கட்டுரை வரைந்தார். பாடநூலுக்குப் படம் எழுதுவோர்க்கும் இத்தகைய ஆய்வு பயன்படும்: திராட்சைக் கதையின் நரிக்கு வால்நுனியை வெள்ளையாக விடவேண்டும், கறுப்புத் தீட்டினால் அது சிவகாசிப் பக்கத்து நரியாகிவிடும்.