ஒவ்வாமை மாத்திரையும் உடன் விழுங்கும் மாத்திரையும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் போன்ற சென்னைப் புறநகர்களின் மருந்துக்கடைகளில் அவிலும் செட்ரிசினும் சீட்டில்லாமல் கேட்டு வாங்கப்படும் ஒவ்வாமை மாத்திரைகள். அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் கொடுக்கும்போது எச்சரிக்கை வாசகம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜி’ அட்டவணை, அதில் குறித்த ஒவ்வாமை மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பின்றி உட்கொள்வது ஆபத்து என்று அச்சிடச் சொல்கிறது. என்ன ஆபத்து என்று சொல்வதில்லை. அது தெளிந்துவந்த வரலாற்றில் 1990 ஒரு திருப்பம் என்பதும், நம் கடை வழக்கம் அதற்கு முந்தைய காலத்திலேயே நிற்கிறது என்பதும் என் வாதம்.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாபும் 1937இல் கண்ட, ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் பொருள் மனிதருக்குத் தர முடியாத அளவு நச்சு மிக்கது. 1940களில் டைஃபென்ஹைட்ரமினும் ப்ரோமெத்தசினும் வந்தன. இவை மூளைக்குள் புகுந்து தூக்கம் தந்தன, வாயை உலர்த்தின, முதியவர்களுக்குச் சிறுநீரை அடைத்தன. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் மயக்கம் கூடும் என்பதும் தெரிந்திருந்தது. அந்தத் தலைமுறைக்குப் பக்கவிளைவு என்றாலே தூக்கம்தான்.

அதனால்தான் தூக்கம் தராத டெர்ஃபெனடின் 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது சிக்கல் தீர்ந்ததாகவே தோன்றியது. 1990இல் வெளியான ஒரு நோயாளிக் குறிப்பு அந்த நிம்மதியைக் கலைத்தது. டெர்ஃபெனடின் உட்கொண்டுவந்த 39 வயதுப் பெண் ஒருவர் பூஞ்சைத் தொற்றுக்காகக் கீட்டோகோனசோலும் எடுத்துக்கொண்டார். சில நாட்களில் அவர் மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு தாறுமாறானது. வழக்கமாகக் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதி டெர்ஃபெனடினை ஃபெக்சோஃபெனடினாக மாற்றிவிடும். ஒவ்வாமையைத் தணிப்பது இந்த மாறிய பொருளே. கீட்டோகோனசோல் நொதியை முடக்கியதும் மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி, இதயத் தசையின் பொட்டாசியம் வழிகளை அடைத்தது. எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் அவ்வாறே நொதியைத் தடுக்கும். 1998இல் டெர்ஃபெனடினும் 1999இல் அதே வகை ஒவ்வாமை மருந்தான அஸ்டெமிசோலும் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகின. உடல் தானே செய்துவந்த ஃபெக்சோஃபெனடின் மாற்று மருந்தாக விற்பனைக்கு வந்தது. மருந்தியலின் நகைமுரண்களில் இது எனக்குப் பிடித்தது.

அன்றுமுதல் ‘இந்த மாத்திரை என்ன செய்யும்’ என்ற கேள்வி போதவில்லை; ‘எதனோடு சேர்ந்து’ என்பதும் வேண்டியிருந்தது. தாம்பரத்தில் இதற்குத் தனி எடை உண்டு. 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம், இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, இங்கேதான் இருக்கிறது. காசநோய் மருந்துகளால் அரிப்பு வருவதுண்டு. அதற்கு ஒவ்வாமை மாத்திரை தருவதும் வழக்கம். ஆனால் காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் ஃபெக்சோஃபெனடினை உடலிலிருந்து விரைவாக அகற்றுகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. குடல் சுவரில் மருந்தை வெளித்தள்ளும் புரதம் பெருகுவதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அரிப்பு அடங்காதவர் மாத்திரையைக் குறைசொல்வார், குறை சேர்க்கையில்.

2016இல் மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுவிலின் இந்தியாவில் முதலில் வழங்கப்பட்ட ஆறு மையங்களில் தாம்பரமும் ஒன்று. இம்மருந்து இதயமின் வரைபடத்தின் க்யூடி இடைவெளியை நீட்டும்; அது மிக நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம். அரிப்புக்குத் தாராளமாக எழுதப்படும் ஒவ்வாமை மருந்தான ஹைட்ராக்சிசினும் அந்த இடைவெளியை நீட்டக்கூடியது. ஹைட்ராக்சிசினுக்கு 2015இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு விதித்தது. இரண்டும் ஒருவர் கையில் சேர்ந்தால் 1990இன் கதை வேறு வழியில் திரும்பலாம். ஹைட்ராக்சிசினிலிருந்தே பிறக்கும் செட்ரிசினுக்கு இத்தகைய மோதல்கள் குறைவு. கல்லீரலை அது அதிகம் நாடுவதில்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். தூக்கமும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபெக்சோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு விழுங்கினால் உறிஞ்சப்படுவது குறையும், தண்ணீரே சரி.

குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை மிகத் தாமதம். ஒவ்வாமை மருந்தான குளோர்ஃபெனிரமினும் மூக்கடைப்பு நீக்கும் ஃபெனிலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று மைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில்தான் ஆணையிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் குழந்தைகளைக் கொன்ற கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அக்டோபரில் தமிழக அரசு ஆய்வகம் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருப்பதைக் கண்டது. அந்த மரணங்கள் நச்சுக் கலப்பால் நேர்ந்தவை. ஒவ்வாமை மருந்தின் பக்கவிளைவுக் கணக்கில் அவற்றைச் சேர்ப்பது பிழை. ஆனால் பாராசிட்டமாலோடு அந்தப் புட்டியில் இருந்ததும் குளோர்ஃபெனிரமின், ஃபெனிலெஃப்ரின் கூட்டே. இறந்தவர்களில் பலர் 5 வயதைத் தாண்டாதவர்கள்.